நாளும் நடப்போம், நலம் பெறுவோம்



இறைவன் சந்நிதியில் கைகூப்பி நிற்கும்போது நாம் கேட்கும் வரங்கள் பலவாக இருக்கலாம். பிள்ளைக்கு நல்ல வேலை அமைய வேண்டும், பெண்ணுக்கு நல்ல வரன் கிடைக்க வேண்டும், வாங்கிய வீட்டின் கடன் தீர வேண்டும் என்று பட்டியல் நீளும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டால் அந்தப் பட்டியல் ஒரே வேண்டுதலாகச் சுருங்கிவிடுகிறது. "படுக்கையில் விழாமல், பிறருக்குப் பாரமாக இல்லாமல், கைகால் சுகத்தோடு வைத்திரு தெய்வமே" என்பதே அது.

அந்த வரத்தின் ஒரு பங்கை இறைவன் நம் கால்களிலேயே வைத்துப் படைத்திருக்கிறான். அதைப் பயன்படுத்திக்கொள்வது நம் பொறுப்பு. நடப்பதற்குக் கட்டணம் இல்லை, கருவி வேண்டாம், ஆசிரியரும் வேண்டாம். இவ்வளவு எளிதாகக் கிடைப்பதாலோ என்னவோ, நாம் அதை மதிப்பதில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். தொண்டு செய்யவும் வழிபாடு செய்யவும் உடல் என்னும் சுவர் நின்றாக வேண்டும். அதற்கு அன்றாட நடை எவ்வாறு உதவுகிறது, எவ்வளவு நடக்க வேண்டும், எதில் கவனம் தேவை என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தோட்டத்தில் நடந்த கால்கள்

நம் தாத்தா பாட்டிமார் உடற்பயிற்சி என்ற சொல்லை அறியாதவர்கள். விடியுமுன் எழுந்து பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார்கள். ஒருவருக்கு நானூறு ஐந்நூறு மரங்கள் இருக்கும். வெட்டுவதற்கு ஒருமுறை, பாலெடுப்பதற்கு மறுமுறை என்று ஒரே நிரையை இரண்டு தடவை சுற்றி வர வேண்டும். பிறகு நிறைந்த வாளிகளைச் சுமந்து ஸ்டோருக்கு நடக்க வேண்டும். மாலையில் மளிகைக் கடைக்கும் கோயிலுக்கும் நடை. பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்கும் நடந்தே போனார்கள். பொந்தியான் வட்டாரத்து ரப்பர், தென்னை, அன்னாசி, செம்பனைத் தோட்டங்களில் உழைத்தவர்களின் வாழ்வும் இப்படித்தான் இருந்தது.

அந்த வாழ்வில் கடனும் கொசுக்கடியும் காய்ச்சலும் நிறைந்திருந்தன. அதைப் பொற்காலம் என்று பாடுவதற்கில்லை. ஆனால் அந்த நடைக்கு ஏற்ற சோறுதான் அவர்கள் தட்டில் இருந்தது. இன்று நாம் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். தட்டில் சோறு குறையவில்லை, நடை மட்டும் குறைந்துவிட்டது. ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஜொகூர் பாருவுக்கோ, அதையும் தாண்டிச் சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய் வருபவர்கள் நாளில் சில மணி நேரத்தை வாகனத்தில் உட்கார்ந்தே கழிக்கிறார்கள். முனைக்கடைக்கு ரொட்டி வாங்கப் போவதற்கும் மோட்டார் சைக்கிளைத்தான் எடுக்கிறோம்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தினர், கைத்தொலைபேசிகள் பதிவு செய்த அடிகளைக் கொண்டு பல நாட்டு மக்களின் நடையை ஒப்பிட்டு 2017-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். முதலிடம் பெற்ற ஹாங்காங் மக்கள் சராசரியாக நாளொன்றுக்கு 6,880 அடி நடந்தார்கள். மலேசியர்களின் சராசரி 3,963 அடிதான். பட்டியலின் கடைசியில் நின்ற சில நாடுகளில் நம் நாடும் ஒன்று.

இதன் விளைவும் கண்கூடு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதும் அதற்கு மேலும் ஆன மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. அதாவது, நம் அன்னதானப் பந்தியில் பத்துப் பேர் அமர்ந்தால் அவர்களில் மூவருக்கு இந்நோய் இருக்கக்கூடும். 2023-ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் பொதுவிகிதம் 15.6 விழுக்காடாக இருந்தது. அதுவும் ஆறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கேயாகும்.

ஓட்டுநரும் நடத்துநரும்

நடை இருதயத்தைக் காக்கிறது என்பதை அறிவியல் முறையில் முதலில் எடுத்துக்காட்டியவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் மருத்துவர் ஜெர்மி மோரிஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் மாரடைப்பு பெருகியபோது, அதற்குக் காரணம் தேடிய அவர் லண்டன் மாடிப் பேருந்துகளை உற்றுநோக்கினார். ஒரே பேருந்தில், ஒரே நேரத்தில், ஒரே நிறுவனத்துக்கு இருவர் வேலை செய்கிறார்கள். ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநரோ டிக்கெட் கொடுப்பதற்காக நாளுக்கு நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குகிறார். 1953-இல் வெளியான முடிவுகளின்படி, ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு வெகுவாகக் குறைவாக இருந்தது. வந்தவர்களிலும் உயிரிழந்தவர்கள் குறைவு.

ஓட்டுநர்கள் வேலையில் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்திருக்கலாமே என்ற கேள்வி எழுந்தது. மோரிஸ் அதையும் விடவில்லை. அவர்களின் சீருடை அளவுகளைக்கூடத் தேடிப் பார்த்து, பருமன் ஓரளவு காரணமாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். ஆயினும், நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுசேர்த்த தபால்காரர்களை, அஞ்சல் துறையிலேயே உட்கார்ந்து வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டபோதும் அதே வேற்றுமைதான் தெரிந்தது. தாம் கண்டறிந்ததைத் தம் வாழ்விலும் கடைப்பிடித்த மோரிஸ், 2009-இல் தமது 99-ஆம் வயதில் மறைந்தார்.

சென்னையில் நடந்த சோதனை

"வெள்ளைக்காரன் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு" என்று சிலர் சொல்லக்கூடும். அது முற்றிலும் தவறன்று. நம்மவர்களுக்கு உடல் மெலிந்திருந்தாலும் வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்கிறது, இனிப்புநீரும் இளம் வயதிலேயே வருகிறது. ஆகவே, நம்மவர்களிடமே செய்யப்பட்ட ஆய்வு நமக்கு மிகவும் முக்கியம்.

அத்தகைய ஆய்வு ஒன்று சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்தது. முடிவுகள் 2006-இல் வெளியாயின. இதில் கலந்துகொண்ட 531 பேரும் நோயின் விளிம்பில் நின்றவர்கள். இரத்தத்தில் சர்க்கரை இயல்பைவிடக் கூடியிருந்தது, ஆனால் இன்னும் நோயாக மாறவில்லை. அவர்களின் சராசரி வயது 46. நாம் அன்றாடம் பார்க்கும் சாதாரணக் குடும்பத் தலைவர்கள், தலைவிகள் போன்றோர்தாம்.

அவர்கள் நான்கு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். முதல் பிரிவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவுக்கு வாழ்க்கைமுறை மாற்றம். மூன்றாம் பிரிவுக்கு மெட்போர்மின் மாத்திரை. நான்காம் பிரிவுக்கு மாத்திரை, மாற்றம் இரண்டும். வாழ்க்கைமுறை மாற்றம் என்றால் பெரிய தவம் ஒன்றுமில்லை. உட்கார்ந்தே பழகியவர்கள் நாள்தோறும் குறைந்தது 30 நிமிடம் சுறுசுறுப்பாக நடக்க வேண்டும். சர்க்கரையையும் எண்ணெயையும் தீட்டிய மாவுப் பண்டங்களையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

மூன்றாண்டுக் கணக்கில் முதல் பிரிவில் 55 விழுக்காட்டினர் இனிப்புநீர் நோயாளிகளாகிவிட்டார்கள். நடந்து, உணவைத் திருத்திக்கொண்ட பிரிவில் அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. மாத்திரை உண்ட பிரிவில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 39.5. அதாவது நடையும் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைக்கு இணையாக வேலை செய்தன. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நடந்த பிரிவினருக்கு உடல் எடை குறிப்பிடும்படியாகக் குறையவில்லை. இருந்தும் நோய் குறைந்தது. "இரண்டு மாதமாக நடக்கிறேன், எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை" என்று மனம் சோர்ந்து நிறுத்திவிடுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். தராசு முள் அசையாவிட்டாலும் உள்ளே நன்மை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அதே குழுவினர் பிறகு 537 ஆண்களைக் கொண்டு மற்றோர் ஆய்வு செய்து 2013-இல் வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு நடையையும் உணவையும் நினைவூட்டும் குறுஞ்செய்திகள் கைத்தொலைபேசியில் தொடர்ந்து அனுப்பப்பட்டன. இரண்டாண்டில் மறுசாராரில் 27 விழுக்காட்டினருக்கு நோய் வர, செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கே வந்தது. அறிவுரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விடாமல் நினைவூட்ட ஒருவர் இருப்பதே பெரிய உதவி என்பது இதனால் விளங்குகிறது.

உடலுக்குள் என்ன நிகழ்கிறது?

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரை தசைக்குள் நுழைவதற்குக் கதவைத் திறக்கும் சாவி, கணையம் சுரக்கும் இன்சுலின். இனிப்புநீர் வருபவர்களுக்கு இந்தச் சாவி சரியாக வேலை செய்வதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினை எதிர்பாராமலேயே மற்றொரு கதவு திறந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருப்பதால், நடக்கும்போது ஏராளமான சர்க்கரை செலவாகிறது. நடந்து முடித்த பின்னரும் பல மணி நேரம் இன்சுலினுக்குத் தசைகள் நன்கு இணங்கி வேலை செய்கின்றன. அதனால்தான் வாரத்தில் ஒரே நாள் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட, நாள்தோறும் கொஞ்சம் நடப்பது சர்க்கரைக்கு ஏற்றது.

கெண்டைக்கால் தசைகள் ஒவ்வோர் அடிக்கும் இரத்தத்தைப் பிழிந்து இருதயத்துக்கு மேலேற்றுகின்றன. நீண்டநேரம் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்பவர்களின் கால்வீக்கம் நடப்பதால் குறைவதற்கு இதுவே காரணம். தொடர்ந்து நடப்பவர்களுக்கு இரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக நான்கு புள்ளி அளவுக்குக் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். முழங்காலின் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் இல்லை. அழுந்தி மீளும்போதுதான் அது தனக்கு வேண்டிய சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. எனவே, மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும் அளவோடு நடக்கலாம், நடக்கவும் வேண்டும். எலும்பு உறுதி, நல்ல தூக்கம், மனத்தெளிவு ஆகியவையும் நடையால் வரும் நன்மைகளே.

உணவுக்குப் பின் குறுநடை

உண்டவுடன் படுக்காமல் சிறிது உலாவ வேண்டும் என்று நம் சித்த மருத்துவ மரபு சொல்லி வந்திருக்கிறது. இன்றைய ஆய்வும் அதையே உறுதிப்படுத்துகிறது. நியூசிலாந்தில் இனிப்புநீர் உள்ள 41 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016-இல் வெளிவந்தது. நாளில் ஏதேனும் ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளை உணவுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்திய சர்க்கரை 12 விழுக்காடு குறைந்தது. இரவு உணவுக்குப் பின் மட்டும் பார்த்தால் 22 விழுக்காடு. பெரும்பாலோர் வயிறு நிறைய உண்டுவிட்டுத் தொலைக்காட்சி முன் அமரும் வேளை அதுதான்.

கோயிலில் அன்னதானம் உண்ட பின் நாம் என்ன செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பாயசம் முடிந்ததும் நேரே காருக்குப் போய்விடுகிறோம். அவ்வாறின்றி இலையெடுக்க, பாத்திரம் ஒதுக்க, மண்டபத்தைக் கூட்டக் கைகொடுத்தால் தொண்டுக்குத் தொண்டும் ஆயிற்று, குறுநடைக்குக் குறுநடையும் ஆயிற்று.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அரை மணி நேர நடையில் செலவாவது ஏறக்குறைய 120 முதல் 150 கலோரிதான். ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி இருக்கிறது. நடந்துவிட்டோம் என்ற தைரியத்தில் இரண்டு ரொட்டியும் இனிப்பான தே தாரேக்கும் சாப்பிட்டால் கணக்கு நேராகாது. நடையும் நாவடக்கமும் சேர்ந்தே போக வேண்டும்.

எத்தனை அடி நடக்க வேண்டும்?

"நாளுக்குப் பத்தாயிரம் அடி" என்பது பலரும் கேள்விப்பட்டது. அது மருத்துவர் விதித்த அளவன்று. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்ததை அடுத்து, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியளவி ஒன்றுக்கு "பத்தாயிரம் அடி மானி" என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரே உலகெங்கும் விதியாகப் பரவிவிட்டது.

சராசரி வயது 72 ஆன பெண்களிடம் அமெரிக்காவில் செய்யப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்குமேல் கூடுதல் பயன் தெரியவில்லை. 2025-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வும் 7,000 அடியே போதுமான நல்ல இலக்கு என்று காட்டியது. 7,000 அடி என்பது ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். வீட்டுக்குள் நடப்பதும் இதில் அடக்கம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறியின்படி, பெரியவர்களுக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு வேண்டும். தொடர்ந்து பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்று முன்பு சொல்லப்பட்டது. அந்த நிபந்தனை இப்போது இல்லை. ஐந்து நிமிடம் நடந்தாலும் அது கணக்கில் சேரும். வேகத்தை அளக்கக் கருவி வேண்டாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் தேவாரம் பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம்.

பொந்தியானில் எங்கே நடப்பது?

நம் ஊருக்கு இயற்கை நல்ல வசதி செய்து கொடுத்திருக்கிறது. பொந்தியான் கெச்சில் கடலோரத்தில் மாலை நேரத்தில் மலாக்கா நீரிணையின் காற்றையும் சூரியன் மறையும் அழகையும் அனுபவித்தபடியே நடக்கலாம். விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய்க்குச் சென்றால், அங்கே சதுப்புநிலக் காட்டினூடே நடைபாதை உண்டு. மழைக்காலத்தில் கடைவரிசையின் ஐந்தடிப் பாதையே போதும். காலையில் வெயில் ஏறுமுன்னும் மாலையில் வெயில் தாழ்ந்த பின்னும் நடப்பதே நம் வானிலைக்கு ஏற்றது. வெளிச்சம் குறைந்த வேளையில் சாலையோரம் நடப்பவர்கள் வெளிர்நிற உடை உடுத்தி, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடப்பது பாதுகாப்பு.

கோயிலுக்கு அருகில் குடியிருப்பவர்கள் வெள்ளிக்கிழமையாவது நடந்து வரலாமே! தொலைவில் இருப்பவர்கள் காரைச் சற்று எட்ட நிறுத்திவிட்டு வரலாம். பிரகாரத்தை மூன்று முறை வலம் வருபவர்கள் ஒன்பது முறை வரலாம். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலமும், பத்துமலையில் 272 படிகளும், பினாங்குத் தண்ணீர்மலையில் 513 படிகளும் நம் வழிபாட்டில் நடைக்கு உள்ள இடத்தைக் காட்டுகின்றன. ஆண்டு முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டுத் தைப்பூசத்தன்று மட்டும் ஏறினால் மூச்சிரைக்கத்தான் செய்யும். தீபாவளி முடிந்ததும் நடக்கத் தொடங்கினால், தைப்பூசத்துக்குள் கால்கள் பழகிவிடும்.

வெறுங்காலும் இனிப்புநீரும்

பக்தர்கள் அனைவரும் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பல ஆண்டுகளாக இனிப்புநீர் உள்ளவர்களுக்குப் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன. முள் குத்தினாலும் தெரியாது, தரை சுட்டாலும் தெரியாது. உச்சி வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையிலோ தார்ச்சாலையிலோ வெறுங்காலோடு நடந்தால், வீட்டுக்குப் போன பிறகுதான் கொப்புளம் கண்ணில் படும். இரத்த ஓட்டம் குறைந்த காலில் அது ஆறாமல் புண்ணாகி, அழுகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடக்கூடும். தெய்வத்தைச் சுற்றி வந்த கால் அதே காரணத்தால் போய்விட்டது என்ற நிலை யாருக்கும் வரலாகாது.

இதற்காகப் பிரதட்சணத்தை விட்டுவிட வேண்டியதில்லை. காலை பூசைக்கோ மாலை பூசைக்கோ வரலாம். தரையைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கால் வைக்கலாம். வீடு திரும்பியதும் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம். காவடி, பால்குடம், பாதயாத்திரை நேர்ந்துகொண்ட இனிப்புநீர் அன்பர்கள் முன்கூட்டியே கிளினிக்கில் பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்வது அவசியம். உணர்ச்சி குறைந்திருந்தால் நேர்த்திக்கடனை வேறு வகையில் செலுத்தலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். நன்கொடையாளர்களும் இதை எண்ணிப் பார்க்கலாம். வெளிப்பிரகாரத்தில் விரிக்கும் தேங்காய்நார் விரிப்பும், வெயிலை மறைக்கும் ஒரு கூரையும், முதியோர் உட்கார ஒரு நீள்பலகையும், மணியையும் விளக்கையும் போலவே பெரும் புண்ணியம் தரும் கொடைகள்.

கோயிலுக்கு வெளியே நடக்கும்போது குதிகால் நிற்கும் மூடிய காலணியும் பருத்திக் காலுறையும் வேண்டும். சிலிப்பர் ஏற்றதன்று.

நின்று கவனிக்க வேண்டியவை

நடக்கும்போது மார்பில் இறுக்கமோ, தாடைக்கும் இடக்கைக்கும் பரவும் வலியோ, தலைச்சுற்றலோ ஏற்பட்டால் உடனே நின்றுவிட்டு மருத்துவ உதவி நாட வேண்டும். வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடக் கூடாது. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி அடங்குமானால் காலின் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கலாம். அதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இன்சுலின் ஊசியோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் இரண்டு மூன்று மிட்டாய் வைத்திருப்பது நல்லது. நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே வாயில் போட்டுக்கொள்ளலாம். மருந்தை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நடை மருந்துக்குத் துணையே அன்றி மாற்றன்று.

ஒரு மண்டலம் நடந்து பாருங்கள்

விரதம் என்றால் ஒரு மண்டலம், அதாவது 48 நாள் காக்கும் வழக்கம் நமக்கு உண்டு. அதையே நடைக்கும் வைத்துக்கொள்வோம். முதல் வாரம் நாளுக்குப் பத்து நிமிடம். வாரந்தோறும் ஐந்து நிமிடம் கூட்டிக்கொண்டு போனால் ஐந்தாம் வாரத்தில் அரை மணி நேரம் வந்துவிடும், மண்டலம் நிறைவுறும்போது நாற்பது நிமிடமும் எளிதாகிவிடும். தனியாக நடப்பதைவிடக் கணவன் மனைவியாக, அண்டைவீட்டாரோடு, கோயில் நண்பர்களோடு நடப்பது நிலைக்கும். குழுச் செய்திகளில் காலை வணக்கப் படம் அனுப்புவதோடு, "இன்று நடந்தீர்களா?" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். சென்னை ஆய்வு காட்டியபடி, அந்த ஒரு வரி யாரோ ஒருவரை நோயின் விளிம்பிலிருந்து இழுத்துக் காக்கக்கூடும்.

கருவறை வாயிலையும் நாம் 'நடை' என்றுதான் சொல்கிறோம். நாளும் நடை திறக்கும் இறைவனை நாடி, நாளும் நடந்து வருவோம். அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது அதைப் பெற்றுக்கொள்ள அனைவரும் சொந்தக் காலில் நடந்து வந்து நிற்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக!

வாழ்க நலமுடன்!